டயர் மேல் இருந்த சாவி

லேவார்டன், நெதர்லாந்து
16 பிப்ரவரி 1998

அன்புள்ள ஜைரா,

போன் தியா. எதைக் கேட்பதற்கு முன்னாலும் வணக்கம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எனக்குப் பாடம் நடத்தினாயே, மறக்கவில்லை. நான் உங்கள் வாடகை வண்டிக் கடைக்குள் நுழைந்ததும் நேரே "என் வண்டி எங்கே?" என்றேன். நீ சிரித்துக்கொண்டு, "முதல்ல போன் தியா சொல்லுங்கம்மா. அப்புறம் வண்டி என்ன, போனேர் தீவையே கேளுங்க" என்றாய்.

சுகமாக வந்து சேர்ந்தோம். இங்கே கால்வாய் ஓரங்களில் பனி. என் மூக்கு மட்டும் இன்னும் உங்கள் வெயிலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு உரிந்துகொண்டிருக்கிறது. என்னோடு வந்த தோழி தினேகே உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஆனால் ஒரு மனக்குறை இருக்கிறது. எழுதாவிட்டால் ஆறாது. கிளம்புவதற்கு முன் நேரிலேயே சொல்ல வந்தேன், நீ இல்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று உன் முதலாளி சொன்னார்.

அன்று காலை நாங்கள் இருவரும் தெற்கே, உப்பளத்தைத் தாண்டி, வண்டியை நிறுத்திவிட்டு முக்குளிக்க இறங்கினோம். நீ சொன்னபடியே கதவைப் பூட்டவில்லை, கண்ணாடிகளை இறக்கிவிட்டோம், மாற்றுத்துணியும் துண்டும் செருப்பும் தவிர உள்ளே எதையும் வைக்கவில்லை. "பூட்டினா உள்ள ஏதோ இருக்குன்னு கண்ணாடிய உடைப்பாங்க. திறந்து போட்டா எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க" என்றாயே. ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னாய். நான் முன் டயர் மேல் வைத்துவிட்டேன். எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னார்.

இறங்கும்போது மனம் எவ்வளவு நிறைந்திருந்தது தெரியுமா? யாரோ உள்ளூர்ப் பெண் ஒருத்தி தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்து இரண்டு கையையும் அசைத்தாள். என்ன அன்பான ஊர் என்று நினைத்துக்கொண்டே ஆழத்துக்குப் போனேன். திரும்பிக் கரையேறினால் வண்டி இல்லை.

ஈர உடையோடு, வெறுங்காலோடு, ஆளில்லாத சாலையில் இரண்டு பெண்கள். கீழே பவளக்கல், நடக்கவும் முடியவில்லை. கடைசியில் ஓர் உப்பு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். மாலையில் வண்டி கிடைத்தது. எங்கே தெரியுமா? மருத்துவமனை வாசலில், வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. துண்டுகளும் தினேகேயின் கவுனும் போய்விட்டன. முன் இருக்கையில் எண்ணெய்த்தாளில் சுற்றிய, உங்கள் ஊர்ப் பொரித்த பலகாரமான பஸ்தேச்சிப் பொட்டலம் ஒன்று! போலீஸ்காரர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "சாட்சியம் நல்லா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருமணமாகி முப்பது வருஷத்தில் வூட்டர் இல்லாமல் நான் போன முதல் பயணம் இது. போகாதே என்றுதான் சொன்னார். இப்போது காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதுகூட "நான் அப்பவே சொன்னேனே" என்கிறார். அந்தச் சுகத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று தெரிந்தால் தேவலை.

உன்மேல் கோபமில்லை. இருந்தாலும் உன்னிடம்தானே சொல்லிக்கொள்ள முடியும்.

அன்புடன்,
ஃபெம்கே


கிராலெண்டைக், போனேர்
1 மார்ச் 1998

அன்புள்ள ஃபெம்கே அம்மாவுக்கு,

போன் தியா. உங்கள் கடிதமும் போலீஸ்காரரும் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை. உங்கள் வண்டியை எடுத்தது என் அம்மா.

அம்மாவின் பெயர் நிக்கோலாசா. தெற்குக் கடற்கரையில் குடை நட்டு பஸ்தேச்சி விற்கிறார். காலையில் மாமா கொண்டுவந்து விட்டுவிட்டு மதியம்தான் திரும்ப வருவார். என் அண்ணன் ரிக்னால்ட் அதே கரையில் சிங்கி இறால் பிடித்து உணவகங்களுக்குக் கொடுக்கிறான். தனியாகத்தான் இறங்குவான், எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டான். அன்று அடியில் அவன் காற்றுக்குழாய் மக்கர் செய்து, ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். அப்படி வந்தால் ரத்தத்தில் குமிழ் கட்டும் என்று உங்களுக்கே தெரியும். கரைக்குத் தவழ்ந்து வந்து, "அம்மா, காலு எங்க இருக்குன்னே தெரியல" என்றானாம்.

சுற்றிலும் ஒரு ஜீவன் இல்லை. இருந்தது உங்கள் வண்டி மட்டும்.

அம்மா வண்டி ஓட்டி வருஷக்கணக்காகிறது. முதல் கியரிலேயே ஊர்வரைக்கும் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். கிளட்ச் ஏன் தேய்ந்தது என்று முதலாளி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் நடுங்கியதால் உங்கள் துண்டுகளையும் அந்தக் கவுனையும் அவன்மேல் சுற்றியிருக்கிறார். அவனை உடனே, அந்தக் குமிழைக் கரைக்கிற அழுத்த அறைக்குள் வைத்தார்கள். எனக்குச் சேதி வந்து நான் ஓடினேன். எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு புண்ணியவதி வண்டி குடுத்தாங்க" என்றார் அம்மா. அறையின் சின்ன ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றவரிடம் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. வண்டியிலிருந்து இறங்கியது பஸ்தேச்சி நிக்கோலாசா என்று வாசல் காவலாளி போலீசிடம் சொன்ன பிறகுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது.

அண்ணன் நேற்று முற்றத்துக்கு நடந்து போய் ஆட்டை விரட்டினான். அதைப் பார்த்துக்கொண்டு நான் சமையலறையில் நின்றேன். இந்தத் தீவில் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் சாவியை டயர் மேல் வைக்காதீர்கள் என்று சொல்வதுதான் என் வேலை. நீங்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ஆடு இந்நேரம் என் செடியைத் தின்று முடித்திருக்கும். படித்த கதைகளில் எல்லாம் நன்றி கடைசியில்தான் வரும். எனக்கு அது முதலில் வந்துவிட்டது, மற்றதெல்லாம் அதன் பின்னால் நிற்கிறது.

மற்றது இதுதான். புகார் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் கைப்பட எழுதினால் முடித்துவிடலாம், இல்லாவிட்டால் திருட்டு வழக்குதான் என்கிறார் போலீஸ்காரர். வழக்கானால் கரையில் குடை நடும் அனுமதி அம்மாவுக்கு மறுபடி கிடைக்காது. எழுதுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

நன்றியுடன்,
ஜைரா


லேவார்டன்
14 மார்ச் 1998

மதிப்பிற்குரிய செல்வி ஜைரா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணன் பிழைத்தது பற்றி உண்மையாகவே மகிழ்ச்சி.

தீவுக்காரர்களுக்குக் கதை சொல்லத் தெரியும் என்கிறார் வூட்டர். நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் எழுதியதை நம்புகிறேன். ஆனால் நான் எழுதாமல் விட்ட ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று நாங்கள் சாலையோரம் இருந்தபோது ஒரு கார் மெதுவாக வந்தது. எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. உள்ளே ஒரு ஆள். வண்டியைத் திருடியவனின் கூட்டாளி என்று நினைத்தோம். பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டோம். தினேகே அழுதாள். நான் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. மழலையர் பள்ளி ஆசிரியை. ஒரு மனிதனை அடிப்பதற்காகக் கல் எடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த ஆள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உதவி செய்யத்தான் வந்தாரோ என்னவோ, இனி எனக்குத் தெரியப்போவதில்லை. கை மட்டும் அந்தக் கல்லை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் அம்மாவின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் எடுப்பதற்கு ஒரே பெயர்தான் இருக்கிறது. அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் மகள் வழியாக வேண்டாம், அவரே சொல்லட்டும். அதன் பிறகு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஃபெம்கே


கிராலெண்டைக்
29 மார்ச் 1998

அன்புள்ள ஃபெம்கே அம்மாவுக்கு,

போன் தியா. உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே எழுந்துவிட்டார். "சொல்லாம எடுத்தேனா? நானா? போன் தியா சொல்லாம நான் ஒரு நாயக்கூடத் தாண்டிப் போனதில்ல!" என்றார். அம்மாவுக்கு எழுத வராது. சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"எழுதுடி. போன் தியா, சென்யோரா. நல்லா இருக்கீங்களா, வீட்டுக்காரரு நல்லா இருக்காரா. எழுதிட்டியா? அப்படியே எழுது, அழகு படுத்தாத.

"என் பையன் மணல்ல கெடக்கான். நான் ரோட்டுக்கு ஓடினேன், ஒரு ஈ காக்கா இல்ல. உங்க வண்டிதான் நின்னுச்சு. சாவி டயர் மேல இருக்கும்னு தெரியும். வெக்காதீங்கன்னு என் மகளே மூச்சுக்கு மூச்சு சொல்லிட்டிருக்காளே, எனக்குத் தெரியாம இருக்குமா? ஆனா நான் எடுக்கல. முதல்ல தண்ணிக்கு ஓடினேன். அப்பதான் நீங்க ரெண்டு பேரும் தலைய உள்ள விட்டீங்க. எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பு வரைக்கும் போனேன், அலை தள்ளுது, இன்னும் கொஞ்சம் போனேன். ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். போன் தியா, சென்யோரா! என் மகன் சாகக் கெடக்கான், உங்க வண்டிய எடுத்துக்கிறேன்!

"நீங்க திரும்பிப் பாத்தீங்க. அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில நண்டு ஓடறது தெரியும், உங்க கை தெரியாதா? கையத் தூக்கி, கட்டவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாச் சேத்துக் காட்டினீங்க. என் பையன் தெனம் காட்டற சைகைதான் அது. சரின்னு அர்த்தம். அப்புறம்தான் நான் போய்ச் சாவிய எடுத்தேன்."

தண்ணீருக்குள் குரல் கேட்காதே அம்மா என்றேன் நான். "கேக்காமலா கை காட்டினாங்க? நீ எழுது" என்றார்.

"வண்டிக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன் சென்யோரா. குடுத்தீங்க, எடுத்தேன். கும்பிட்டுக்கிறேன். பஸ்தேச்சி வெச்சது அதுக்குத்தான், கையில வேற ஒண்ணும் இல்ல. போலீசு தின்னுட்டான்னு கேட்டப்ப வயிறெரிஞ்சுது.

"ஆனா செருப்புக்குக் கேக்கறேன். வண்டியில ரெண்டு ஜோடி செருப்பு கெடந்துச்சு, பாத்தேன். எறக்கி கரையில வெச்சிட்டுப் போயிருக்கலாம். எனக்குத் தோணல. அந்தக் கல்லு மேல ரெண்டு பொம்பளைங்கள வெறுங்காலோட விட்டுட்டேனே. நீங்க கல்லத் தூக்குற அளவுக்குப் பயந்தீங்கன்னு இவ படிச்சப்ப எனக்குக் கையெல்லாம் மாவோட அப்படியே நின்னுடுச்சு. அதுக்கு மன்னிச்சுக்குங்க. செருப்புக்கு மட்டும். எழுதிட்டியாடி? படி பாக்கலாம்."

படித்துக் காட்டினேன். சரி என்று வளையம் காட்டினார்.

தண்ணீரில் இறங்குகிறவர்கள் யார் கையசைத்தாலும் அப்படித்தான் பதில் காட்டுவார்கள் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களுக்கு அது நினைவில்லாமலும் இருக்கலாம். நினைவில்லாததை எங்களுக்காக நினைவிருப்பதாகச் சொல்ல வேண்டாம். அம்மா ஜூன் மாதம் நீதிபதி முன்னால் நிற்கத் தயாராகத்தான் இருக்கிறார். எந்தச் சட்டை போடுவது என்றுகூட முடிவாகிவிட்டது.

இத்துடன் துண்டுகளையும் தினேகே அம்மாவின் கவுனையும் துவைத்து அனுப்பியிருக்கிறேன். இஸ்திரி போட்டது அண்ணன். முழு நேரமும் நின்றுகொண்டே போட்டான்.

நன்றியுடன்,
ஜைரா


லேவார்டன்
11 ஏப்ரல் 1998

அன்புள்ள நிக்கோலாசா அம்மாவுக்கு,

போன் தியா. நான் நலம், வீட்டுக்காரரும் நலம். உங்கள் மகன் இஸ்திரி போட்ட மடிப்பைக் கலைக்க மனமில்லாமல் துண்டுகளை மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் சமையலறையில் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காட்டினேன் அம்மா. வளையம் காட்டினேன். உங்கள் பாவாடை தண்ணீரில் மலர்ந்து ஆடியதும், அதில் மஞ்சள் பூ இருந்ததும்கூட நினைவிருக்கிறது. யாரோ அன்பாக "நலமா?" என்று கேட்கிறார்கள், "நலம்" என்று சொல்கிறேன் என்று நினைத்தேன். கையசைத்த பெண்ணைப் பற்றி ஜைராவுக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேனே. அதற்கு நான் பதில் சொன்னதை மட்டும் மறந்துவிட்டேன். அவ்வளவு நேரம் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்த ஊரில் எங்களை மதித்து ஒரு வார்த்தை கேட்க ஆளில்லையே என்று நினைத்தேன். நீச்சல் தெரியாத ஒருத்தி மகனைக் கரையில் போட்டுவிட்டு, என்னிடம் கேட்பதற்காகக் கடலுக்குள் வந்திருக்கிறாள்.

போலீசுக்கு நேற்றுக் காலை எழுதிவிட்டேன். வண்டி திருடப்படவில்லை, எடுத்தவர் என்னிடம் முறையாகக் கேட்டார், நான் சம்மதித்தேன், கேட்டது என்ன என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். ஜைரா, இதை உங்களுக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

வூட்டர் அதைப் படித்துவிட்டு, "என்னன்னே தெரியாம சரின்னு சொல்லுவியா?" என்றார். "முப்பது வருஷத்துக்கு முன்னால உங்ககிட்டயும் அப்படித்தானே சொன்னேன்" என்றேன். அன்று முழுவதும் அவர் "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டார். உங்கள் குடைக்குப் பக்கத்தில் இடம் இருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன்.

செருப்பை மன்னித்துவிட்டேன். நீங்களும் என் மார்ச் மாதத்துக் கடிதத்தை மன்னித்துவிடுங்கள். அதில் நான் போன் தியாகூடச் சொல்லவில்லை என்று இப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த பிப்ரவரியில் வருகிறோம். ரிக்னால்டிடம் தனியாக இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனோடு இறங்க நான் இருக்கிறேன், தினேகே இருக்கிறாள். ஜைரா, நீ வழக்கம்போல உன் அறிவுரையை எல்லாம் சொல்லு. நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுகிறேன். சாவி எங்கே இருக்கும் என்று உன் அம்மாவுக்குத் தெரியும்.

நிறைந்த அன்புடன்,
உங்கள் ஃபெம்கே