அம்மாவைப் பங்கு போட்ட ஏப்ரல்கள்

அக்கா,

மீன் தலைக் கறிப் பொட்டலம் கல்லாப் பெட்டியின் மேல் இருக்கிறது. புளியும் வெண்டைக்காயும் கலந்த அந்த வாசனை பாத்திரக் கடை முழுக்கப் பரவி, காலையிலிருந்து வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் எவர்சில்வரை விட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் கணினி. ஏப்ரல் மாதம், வருமான வரித் தாக்கல் கெடுவுக்கு முந்தைய கடைசி ஞாயிறு. அம்மா மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "பேசி முடிச்சியா இல்லையா? பசிக்குது" என்கிறாள். பேசுவதற்கு எதிரில் நீ இல்லை என்பதை அவளும் மறந்துவிடுகிறாள், நானும் மறந்துவிடுகிறேன்.

எத்தனை ஏப்ரல் அக்கா! சிராங்கூன் ரோட்டு வாழையிலைக் கடையில் நாம் போட்ட சத்தத்துக்குப் பரிமாறுகிறவர் ரசத்தை வைத்துவிட்டு ஓடுவார். அம்மாவைப் பராமரிக்கிற பிள்ளையின் வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஓர் அம்மாவுக்கு ஒரு நிவாரணம், ஒரே ஒரு ரிலீஃப். பிள்ளைகள் இருவர் என்றால் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். பேசி! நம்மிடம் போய் அதைச் சொல்லலாமா?

"டேய், அம்மா இருக்கிறது ஆங் மோ கியோவுல, என் வீட்டுல. ராத்திரி இருமினா எழுந்திரிக்கிறது நானு. ரிலீஃப் மட்டும் உனக்கா?"

"மாசாமாசம் அம்மா செலவுக்கு நான் கொடுக்கலையா? கணக்கைக் கேளுக்கா. கிளினிக் சம்பளத்துக்கு உனக்கு வரி வீதம் கம்மி, என் லாபத்துக்கு ஜாஸ்தி. அதே ரிலீஃப் என்கிட்ட வந்தா மிச்சம் பல மடங்கு. அந்த மிச்சத்தை உன் கையிலயே கொடுத்துடுறேன் லா."

"குண்டான் விக்கிற மாதிரி என்கிட்டப் பேசாத. காசு யாருக்கு வேணும்? வரிக் கணக்குத் திரையில என் பேருக்குக் கீழ அம்மா பேரு வரணும்."

அம்மா அதுவரை முள் எடுத்துக்கொண்டிருப்பாள். மெதுவாகத் தலையை நிமிர்த்தி, "என்னை அறுத்துப் பங்கு போடுறீங்க, சரி. தலை யாருக்கு?" என்பாள். சட்டியில் கிடக்கிற மீன் தலையைப் பார்த்து மூவரும் சிரிப்போம். அந்தத் தலை உன் இலைக்குப் போகும்; அம்மாவில் பெரும்பங்கு என் கணக்குக்கு வரும். மிச்சமான காசை நீட்டினால் வாங்க மாட்டாய். "அம்மாவுக்கு நல்ல செருப்பா வாங்கு" என்பாய். கை கழுவப் போகும்போது திரும்பி விரலை ஆட்டுவாய்: "ஒரு வருஷமாச்சும் முழு அம்மாவும் எனக்குத்தான். நீ பாரு!"

என் கடையின் முதல் வருடம் நினைவிருக்கிறதா? இந்த ஊரில் வரியை மாதாமாதம் யாரும் பிடித்துக்கொள்வதில்லை; வருடம் முடிந்ததும் மொத்தமாகக் கேட்பார்கள். நான் லாபம் முழுவதையும் இட்லிக் கொப்பரைகளில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நோட்டீஸ் வந்தபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "வரிக்குப் பதிலா கொப்பரையைத் தூக்கிட்டுப் போ. வரி ஆபீஸ்லயும் இட்லி சாப்பிடுவாங்க!" அடுத்த மாதம் கடை ஆட்களின் சம்பள நாளன்று உள்ளே நுழைந்து, கேட்காமல் கல்லாவைத் திறந்து, கொஞ்சம் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டாய்.

"ஏய், என் கல்லா!"

"பிடித்தம். நீ எல்லாருக்கும் முதலாளி, உனக்கு நான் முதலாளி."

மாதாமாதம் வரிக்கான காசு அந்த டின்னில் சேர்ந்தது. அதன்பிறகு எந்த நோட்டீசுக்கும் எனக்கு வியர்த்ததில்லை.

போன தீபாவளிக்கு முன்பே நீ கிளம்பிவிட்டாய். அம்மா இப்போது என் வீட்டில், உன் தலையணையோடு. உயிலில் உன் காரியங்களுக்கு என்னைப் பொறுப்பாளியாக எழுதி வைத்திருந்ததால், நீ கடைசியாகச் சம்பாதித்த மாதங்களுக்கான கணக்கைக் காட்ட வேண்டியவனும் நான்தான். ஆக, இந்த வருடப் பேரத்தில் இரண்டு பக்கமும் நானே. உனக்காகக் குரலை உயர்த்திப் பேசிப் பார்த்தேன். அம்மா, "அவ இன்னும் சத்தமாப் பேசுவா" என்றாள்.

வியாபாரி புத்தி முதலில் கணக்குப் போட்டது. நிவாரணம் முழுவதும் எனக்கு வந்தால் நல்ல மிச்சம். உனக்குக் கொடுத்தால் யாருக்கும் ஒரு காசு பிரயோஜனமில்லை. சில மாதச் சம்பளத்துக்கு உனக்கு வரியே வராது. எந்த மடையனும் எனக்கே எடுத்துக்கொள்ளச் சொல்வான்.

உன் பங்கில் நூறு சதவீதம் என்று போட்டேன். என் பங்கில் பூஜ்யம்.

"யாருக்குடா?" என்றாள் அம்மா.

"அக்காவுக்கு. முழுசா."

அம்மா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு கடை அதிரச் சிரித்தாள். "கடைசியில ஜெயிச்சுட்டாளா, கள்ளி! அப்ப தலை உனக்குத்தான், இந்தா." பொட்டலத்தைப் பிரித்துத் தலையை என் தட்டில் வைத்தாள். மீனின் கன்னத்துச் சதையை எனக்கு விடாமல் நீ தின்றதன் காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது அக்கா. என்ன ருசி!

அடுத்த வருடம் அம்மா முழுவதும் எனக்கே வருவாள், எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல். அப்படிப் பேரமில்லாமல் கிடைக்கிற சரக்கில் எனக்கு என்றைக்கும் சுவாரசியம் இருந்ததில்லை, உனக்குத் தெரியும். அதனால் பேசிப் பார்ப்பதை விடமாட்டேன். பிஸ்கட் டின் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சம்பள நாளன்று கல்லாவைத் திறந்து, கொஞ்சம் எடுத்து அதில் போடும்போது, "ஏய், என் கல்லா!" என்று நானே கத்துகிறேன். உள்ளேயிருந்து அம்மா பதில் சொல்கிறாள்: "பிடித்தம்டா!"