மாடியில் முளைத்த அரசு

ஐப்பசி, ஞாயிறு இரவு.

எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுகிறது. நோட்டு கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் எழுதப் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது.

நாலு வருஷம் முன்பு மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இலையோடு அரசங்கன்று முளைத்தது. பிடுங்கப் போனேன். "சாமி மரம்யா, கை வைக்காத" என்றாள் என் மனைவி. நானும் விட்டுவிட்டேன். குங்குமம்கூட வைத்தோம். வேர் சுவரைப் பிளந்துவிட்டது. முந்தாநாள் மழையில் அந்த வழியே தண்ணீர் இறங்கி, அவள் படுக்கும் இடத்தில் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அவள் மாடு கறக்கப் போயிருந்தாள்.

வீட்டையே இடிக்க வேண்டியிருக்குமோ என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று உத்திரமேரூரிலிருந்து மேஸ்திரி வந்து தளத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தளம் கெட்டியாதான் கீது பெருசு. இந்தப் பக்கத்து செவுரு மட்டும் இடிச்சுக் கட்டணும். அன்னிக்கே ரெண்டு விரலால புடுங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்போ மாட்டை வித்தாத்தான் ஆவும்."

மாடு போகட்டும். வீடு நிற்கிறதே, அது போதும். மனைவியே கற்பூரம் காட்டி, கன்றை வேரோடு எடுக்கச் சொன்னாள். ஏரிக்கரையில் நட்டுவிட்டு வந்தோம்.

பிறகு கதவுக்கு மேலே சாக்பீஸால் எழுதினேன்: அமாவாசைக்கு அமாவாசை மாடி ஏறிப் பார்.

"இன்னாய்யா எழுதிக்கினு கீற?"

படித்துக் காட்டினேன்.

"நீ மறந்துடுவ. என் பேரையும் அதுல போடு. நானும் ஏறிப் பாக்கறேன்."

அவள் பேரை எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த ஞாயிறுக்குள் பழகிவிடுவேன். முதலில் இந்த நோட்டில்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.