மேல் அறை யாருக்கு

வெள்ளவத்தை,
14.06.1997

அன்பு மகன் தில்லைநாதனுக்கு,

நான் நல்ல சுகத்தோடும் நல்ல புத்தியோடும் இருக்கிறேன். நீயும் அருந்ததியும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். புத்தியைப் பற்றி எழுதக் காரணம், எனக்கு வயது போய் அறளை பெயர்ந்துவிட்டது என்றும், மேசனைத் தும்புத்தடியால் அடித்துத் துரத்தினேன் என்றும் கனடா வரைக்கும் கதை போயிருப்பதாகப் பக்கத்து வீட்டு இரத்தினம்மா சொன்னாள். நான் எவரையும் அடிக்கவில்லை. நீ புதிதாகக் கட்டுவிக்கும் மேல்மாடி அறையின் சுவரைத் தோளளவோடு நிறுத்தச் சொன்னேன், அதையும் மரியாதையாகவே சொன்னேன்.

போன மாதம் லொறியில் கல் வந்து இறங்கியபோதே எனக்குச் சந்தேகம். பார்வைக்குச் சீமெந்துக் கல்தான், ஆனால் எழுபத்து நான்கு வயதில் நான் ஒன்றைத் தூக்கி, கீழே வைக்காமல் வாசலிலிருந்து கிணற்றடி வரை கொண்டுபோனேன். கன்னியர் மடத்தில் எங்களுக்குத் தையல் கற்பித்த மதர், துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்த பிறகுதான் புள்ளி போடுவார், அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. உடைந்த துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டேன், அது அமிழாமல் நின்றது. மிதக்கும் கல்லாலா வீடு கட்டுவது என்று கேட்டேன். வேலையைப் பார்க்க நீ விட்டிருக்கும் உன் மைத்துனன் ஸ்ரீஸ்கந்தராசா சிரித்துக்கொண்டு, மாமி உதெல்லாம் உங்களுக்கு விளங்காது, அத்தான்தான் உந்தக் கல்லுப் போடச் சொன்னவர் என்றான். மாளிகாவத்தையிலிருந்து வரும் மேசன் தாஸிம் பாஸ்தான் ஒழுங்காகப் பதில் சொன்னார். நோனா, பழைய அத்திவாரம் ஒரு தட்டுக்குப் போட்டது, பாரக் கல்லு ஏத்தினா கீழ்ச்சுவர் வெடிச்சிரும், இது எரிமலைக் கல்லுத் துகளைச் சீமெந்தில கலந்து வார்த்தது, உள்ளுக்குக் காத்து இருக்கு, அதான் மிதக்குது என்றார். ஒரு கல்லின்மேல் நான் ஏறி நின்றும் பார்த்தேன், விளிம்புகூட உதிரவில்லை. கல்லில் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அறை எதற்கு என்று கேட்டால் மட்டும், பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நிற்க என்றான் ஸ்ரீஸ்கந்தராசா. குண்டு வெடிக்கும் ஊருக்கு நீ பிள்ளைகளை லீவுக்கு அனுப்புவாயா? நான் நம்பவில்லை.

சென்ற செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகச் சோதனை. ஆமிக்காரர் மேலே ஏறிப் புதுச் சுவரைத் தட்டினார்கள், அது பொத்தென்று வெற்றுப் பெட்டி போல ஒலித்தது. உள்ளே ஏதோ ஒளித்திருக்கிறது என்று துவக்கின் பிடியால் அடித்து இரண்டு கல்லை உடைத்தார்கள். ஆப்பத்தின் நடுவைப் போலச் சிறு சிறு துளைகள், வேறொன்றும் இல்லை. தாஸிம் பாஸ் சிங்களத்தில் விளக்கி ஒரு துண்டை அவர்கள் கையிலே கொடுத்த பிறகுதான் ஆறினார்கள். பிறகு அவர்களில் பெரியவன் கீழே இறங்கி வந்து, வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த பட்டியலைப் பார்த்து, மேல் அறையில் யார் இருக்கப் போவது என்று கேட்டான். நான் அதிகாரிகளோடு எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசுவதால் எனக்குச் சிங்களம் தெரியாதென்று ஸ்ரீஸ்கந்தராசா நினைத்துவிட்டான். மேல் அறை நாக்கி நோனாவுக்கு, கீழே விசாவுக்குக் காத்திருக்கும் இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு வருகின்றன என்று என் முன்னாலேயே சிங்களத்தில் சொன்னான். நாக்கி என்றால் கிழடு. நாற்பது வருடம் இந்த ஊரில் மீனும் மரக்கறியும் எந்தப் பாஷையில் வாங்கினேன் என்று நினைத்தானோ.

அவர்கள் போனதும் கேட்டேன். மாமி, மேல நல்ல காத்து, கடலும் தெரியும், ஆறுதலா இருக்கலாம் தானே என்றான். படி பதினேழு, என் முழங்கால் உனக்குத் தெரியும். ஏறினால் நான் இறங்கமாட்டேன். சாமி அறையும் அடுப்படியும் அந்நியர் கையில், எனக்குச் சாப்பாடு தட்டில் வைத்து மேலே வரும். எண்பத்து மூன்றுக் கலவரத்திலும் நான் விட்டுப் போகாத வீடு இது. அப்போதுதான் வேலையை நிறுத்தச் சொன்னேன். படியடியில் கொட்டியிருந்த தூளைக் கூட்டிக்கொண்டிருந்தபடியால் கையில் தும்புத்தடி இருந்தது உண்மை. தாஸிம் பாஸ், நோனா சொன்னா நிப்பாட்டுறேன், கல்லு கெட்டுப்போற சாமானில்லை என்று சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

இது மைத்துனனின் யோசனையா, அருந்ததியின் யோசனையா, உன்னுடையதா என்று எனக்குத் தெரியாது. பாரமில்லாத கல்லாகப் பார்த்துத் தெரிந்தெடுத்த நீ, அதற்குள் யாரை ஏற்றுவதென்றும் தெரிந்துதான் இருப்பாய் என்று சில வேளை தோன்றுகிறது. அப்படி இருக்கக் கூடாதென்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் இதைக் கேட்க மாட்டேன், நீ எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்பாய்.

பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் கதைக்க வேண்டும். பனிக்காலம் வந்தால் தொப்பியில்லாமல் வெளியே போகாதே, உனக்குச் சளி பிடித்தால் மாறாது. அருந்ததியைப் பிரஷர் மருந்தை விடாமல் எடுக்கச் சொல். உங்கள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

மேல் அறையில் யார் இருக்கப் போகிறார்கள், அதை யார் தீர்மானித்தது, இரண்டையும் உன் கைப்பட எழுதி அனுப்பு. கடிதம் வரும்வரை கூரை போட விடமாட்டேன்.

அன்புள்ள அம்மா,
பத்மாவதி பொன்னம்பலம்