வித்துராவில் உனக்கொரு அறை

அண்ணா,

நீ அம்மாவைப் பூட்டி வைத்தாய்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் டீக்கடை நடத்தியவளுக்கு இனி அமைதி வேண்டும் என்று சொல்லி, வித்துரா முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டாய். அங்கே விடியற்காலையில் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் அவள் வாசலுக்கு ஓடியிருக்கிறாள். "மக்களே, கட்டன் சாயா குடிச்சிட்டுப் போ, வண்டி எடுக்க நேரமிருக்கு" என்று டிரைவரைக் கூப்பிட்டிருக்கிறாள். மற்றவர்களின் தூக்கம் கெடுகிறதாம். உன்னிடம் போனில் சம்மதம் வாங்கிய பிறகுதான் அவள் அறையை வெளியிலிருந்து தாழிட்டார்களாம்.

இன்று அவளைத் தம்பானூருக்கே, என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இந்த பஸ் இரைச்சலில் அசந்து தூங்குகிறாள்.

வித்துரா அறையை நான் காலி செய்யவில்லை. அடுத்து அண்ணன் வருவான் என்று சொல்லியிருக்கிறேன். தாழ்ப்பாள் இன்னும் வெளியில்தான் இருக்கிறது.

எப்போது போகிறாய்? பதில் எழுது.

உன் தங்கை