சனிக்கிழமை ஊசி

ஹோம்புஷ், சிட்னி
ஞாயிறு காலை

அன்புள்ள தங்கச்சி கிரிஜாவுக்கு,

நானும் அத்தானும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அதில் பாதி பொய். போனில் சொல்லலாம் என்றால், கண் மங்கியதிலிருந்து அவர் எல்லா அழைப்பையும் சத்தமாகப் போட்டுத்தான் கேட்கிறார். இரண்டு அறை வீட்டில் இரகசியம் பேச இடமில்லை. வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

முதலில் நல்ல செய்தி. என் முழங்கால் ஒப்பரேஷனுக்கு அடுத்த மாதம் பதினாறாம் திகதி தந்திருக்கிறார்கள். பதினைந்து கிலோ குறைத்துக்கொண்டு வந்தால்தான் கத்தி வைப்பேன் என்ற அதே டொக்டர், போன கிழமை எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். கோயிலில் பெண்கள் என்னைச் சுற்றி நின்று, என்ன செய்தனீங்கள் அன்ரி என்று கேட்கிறார்கள். பிட்டையும் இடியப்பத்தையும் விட்டனான் என்கிறேன்.

நான் ஒன்றையும் விடவில்லை, கிரிஜா.

சீனியையும் பசியையும் அடக்கி எடை குறைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை போடுவது. அத்தானுக்குச் சீனி வருத்தம் என்பதால் அரசாங்கம் அவருக்குச் சலுகை விலையில் கொடுக்கிறது. எனக்குச் சீனி இல்லை, வெறும் பெருத்த உடம்புதான். அதற்குச் சலுகை கிடையாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். முழு விலை கொடுத்து வாங்கினால் பென்ஷன் வாடகைக்குக் காணாது. அறுபத்தொன்பது வயதில், எனக்கும் சீனி வரவில்லையே என்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அத்தானிடம் சொன்னேன். வாயைக் கட்டு, அது சும்மா கிடைக்கும் என்றார். அதே மாதம் மகள் தர்ஷனாவின் புது வீட்டுப் பால்காய்ச்சல். அத்தனை சனத்துக்கு முன்னால், இவவுக்கு இருக்க ரெண்டு கதிரை போடுங்கோ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெற்ற மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோகாமல் பின்பக்கமாக ஏறமுடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு ஊசி போடுவது நான்தான். சனிக்கிழமை முழுகிவிட்டு வந்து, கண்ணை மூடி, முருகா என்பார். அடுத்த சனிக்கிழமை நான் ஊசிப் பேனாவில் அளவைத் திருப்பாமல், மருந்து இறங்காதபடி முனையை மட்டும் அவர் வயிற்றில் குத்தினேன். பிறகு குளியலறைக்குப் போய், முனையை மாற்றி, மருந்தை எனக்குப் போட்டுக்கொண்டேன். ஒருமுறைதான் என்று நினைத்தேன். ஏழு மாதம் செய்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. உண்மையைச் சொன்னால், அவரைக் குத்தும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விரலில் இரத்தம் எடுத்துச் சீனி அளவை வாசிப்பதும் நான்தான். பதினாறு காட்டினால், இந்த நாட்டுக் கணக்கில் அது மிகவும் கூட, எட்டு என்பேன். ஆனால் ஆய்வுகூடத்தில் எடுத்த இரத்தத்துக்கு நான் பொய் சொல்லிக்கொடுக்க முடியுமா? டொக்டர் கண்ணாடியைக் கழற்றி, அங்கிள், களவாய் இனிப்புச் சாப்பிடுறியளோ என்று கேட்டார். இல்லை என்று அத்தான் சத்தியம் செய்தார். பக்கத்துக் கதிரையில் நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

தர்ஷனா வந்து குசினியைத் துடைத்தெடுத்துவிட்டாள். சீனிப் போத்தல், பிஸ்கற், வாழைப்பழம் எல்லாம் போயிற்று. நான் சாப்பிடேல்லை பிள்ளை என்று அவர் பின்னாலேயே திரிந்தார். டோன்ட் லை அப்பா என்றாள். அதற்குப் பிறகு அவர் சோற்றையும் பாதியாக்கினார். ஊசி இல்லாத வயிறு, பசி கேட்கும். தட்டில் ஒட்டிய பருக்கையை விரலால் தடவி எடுப்பதைப் பார்த்தேன்.

ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார். இரஞ்சி, நித்திரையிலை எழும்பிப் போய்ச் சாப்பிடுறனோ, நீ பாத்தனியோ என்று.

இருக்கும் என்றேன்.

அதற்குப் பிறகு படுக்கப் போகுமுன் அறைக் கதவைப் பூட்டித் திறப்பை என் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன்.

அவருக்குச் செருப்புக் கடித்த புண் ஒன்று வந்து ஆறவில்லை. இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சம் தங்குமா என்று இன்னும் சொல்லவில்லை. அந்த ஊசியை நிறுத்தி, இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள். அவரே தனக்குப் போடப் பழக்குகிறேன் என்று நேர்ஸ் வந்தாள். வேண்டாம் பிள்ளை, இவவின்ரை கை எண்டால் எனக்கு நோகாது என்று சொல்லிவிட்டார். இப்போது ஒவ்வொரு நாளும் போடுகிறேன். சரியாகத்தான் போடுகிறேன், கிரிஜா. என்னை நம்பு.

இது கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அத்தான் உன்னைப் போனில் எடுப்பார். களவாய்த் திண்டு என்ரை காலை நானே கெடுத்துப்போட்டன் என்று சொல்லுவார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார், மன்னிப்புக் கேட்பது போல. நீ அவரிடம், அத்தான், நீங்கள் ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டியள் என்று ஒரே ஒரு தடவை சொல்லு. எப்படித் தெரியும் என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி. நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் வாயால் அதைச் சொல்லமுடியவில்லை. பதினாறாம் திகதிக்கு முன்னால் நிச்சயமாக முடியாது.

உனக்கும் பிள்ளைகளுக்கும் காலில் ஒரு முள்ளும் தைக்காமல் அந்த முருகன் காக்கட்டும்.

உன் அக்கா,
இரஞ்சிதம்