பீர் குடித்த இயந்திரம்

எல் ஆல்டோ,
மார்ச் 6

என் கண்ணான டெல்ஃபினாவுக்கு,

முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தத் தெற்குக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவையும் பூமித்தாயையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். ஒரு நல்ல சேதி, டாக்டர் எவரிஸ்டோ உன்னைத் தேடுகிறார். அதே ஆள்தான், பத்தொன்பது வருஷம் நான் அவர் வீட்டில் சமைத்தும் என்னை முன்வாசலில் கால் வைக்க விடாதவர். நீ இயற்பியல் படிக்கப் போகிறாய் என்றதும் விருந்தாளிகள் முன்னால், "படிச்சு என்ன பண்ணுவா, உருளைக்கிழங்கு எவ்வளவு வேகமா விழுதுன்னு சந்தையில கணக்குப் போடுவாளா?" என்று சிரித்தவர். அன்று சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன், மனசு ஆறவில்லை.

இப்போது கேள். அவர் மருத்துவமனைக்குப் புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரம் வந்தது. கார்னிவல் செவ்வாயன்று, புது லாரிக்குச் செய்வதுபோல அதற்கும் காகிதமாலை போட்டு, பூமித்தாய்க்கென்று நாலு மூலையிலும் பீர் ஊற்றியிருக்கிறார்கள். லாரிச் சக்கரத்துக்கு ஊற்றினால் தரை குடிக்கும், இது தானே குடித்துவிட்டது. கம்பெனி ஆள் கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டான், ஆனால் கதிர் சரியான அளவில் விழுகிறதா என்று உன் படிப்புப் படித்தவர் அளந்து கையெழுத்துப் போடாமல் ஒரு நோயாளியையும் படுக்கவைக்கக் கூடாதாம். இருந்த ஒருவரும் சிலிக்குப் போய்விட்டார். நேற்று சந்தையில் என் உருளைக்கிழங்குக் கடைக்கே வந்து, "பாசிலியா அம்மா, பேத்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். அம்மாவாம்! முன்பெல்லாம் "ஏய்" தான். "இயற்பியல் எனக்கென்ன தெரியும் ஐயா, எத்தனை கிலோ போடட்டும்?" என்றேன். மூன்று கிலோ வாங்கினார், அழுகலாகவே பொறுக்கிப் போட்டேன்.

அவருக்கு ஒரு மாதம் பதில் போடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எதிர்க்கடை யூலோஹியாவுக்கு மார்பில் கட்டி, அந்த இயந்திரத்துக்குத்தான் காத்திருக்கிறாள், "உன் பேத்தி வந்துடுவாளாடி?" என்று தினமும் கேட்கிறாள். அவளிடம் ஒரு மாதம் இல்லை. அதனால் லீவு சொல்லிவிட்டு உடனே புறப்படு. மருத்துவமனைக்கு முன்வாசல் வழியாகவே போவோம், கதவை அவரே திறக்கட்டும். அவர் அவசரப்படுத்துவார், நீ அசையாதே, யூலோஹியாவை நினைத்து இரண்டு தரம் அள. கையெழுத்துப் போடும்வரை அவர் நிற்கட்டும். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன், புதுத் தொப்பி எடுத்தாயிற்று.

மாதா உன் கையை நடுங்காமல் காக்கட்டும். மேட்டுக்கு ஏறும்போது மூச்சு முட்டும், கோகா இலை மெல்ல மறக்காதே.

உன் பாட்டி,
பாசிலியா கொண்டோரி,
படிப்பு: ஐந்தாம் வகுப்பு வரை