கதையிலிருந்து எடுத்தாளாம்

மார்ச் 4

துணி மடித்துக்கொண்டிருந்தேன். மருமகள் போனைக் காதருகில் கொண்டுவந்து வைத்தாள். "அத்தை, உங்க பேத்தியோட புதுப் பாட்டு வந்திருக்கு, கேளுங்க." கேட்டேன். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் கை அப்படியே நின்றுவிட்டது.

'மெஷினைத் தூக்கிப் போனவளே, சத்தத்தை ஏன் விட்டுப் போனே.'

இது என் வாயிலிருந்து வந்தது! அம்மா போன கையோடு தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாளே என் அக்கா, அவளைப் பார்த்து நான் கத்தியது. அம்மா வீட்டில் இருந்த அந்த ஒரே மெஷினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துத்தான் இரண்டு பேரும் பிழைத்தோம். காலையில் நான், மதியத்துக்கு மேல் அவள். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. அவள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போகவில்லை.

பேத்திக்கு இதையெல்லாம் சொன்னது நான்தான். சோறு போடும்போது சொல்லியிருப்பேன், தலை பின்னும்போது சொல்லியிருப்பேன். மெட்டுப் போட்டுப் பாடு என்று சொன்னேனா?

மார்ச் 5

மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 7

பேத்தியைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். தாடிக்காரன் ஒருவன், "இந்தப் பாட்டு எப்படித் தோணிச்சு?" என்று கேட்கிறான். இவள் என்னென்னவோ சொல்கிறாள். ஒரு நாவல் படித்தாளாம். அதில் ஒரே வீட்டில் நடுவே சுவர் எழுப்பிக்கொண்ட இரண்டு சகோதரிகளாம். யாரோ வரைந்த மூடிய கதவுப் படத்தைப் பார்த்தாளாம். யாரோ ஒரு வயலின்காரர் வாசித்ததைக் கேட்டாளாம். அவருக்கு நன்றி, இவருக்கு நன்றி. என்னைப் பற்றி — ஒரு வார்த்தை கிடையாது. அப்படியானால் நான் யார்? மூலையில் சாத்தி வைத்த துடைப்பமா?

மார்ச் 9

வந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஏன்டி, என் வாயில இருந்து பிடுங்கி நாவல்காரி தலையில கட்டிட்டியா?"

"நாவல்ல இருந்தும் எடுத்தேன் பாட்டி. அதைப் படிக்கும்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்துது. பாட்டுப் போடறவங்க எல்லாரும் இப்படித்தான், இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம் எடுப்பாங்க. அந்த வயலின்காரரே ரயில் ஓடற சத்தத்துல இருந்துதான் மெட்டு கிடைச்சுதுன்னு சொல்லியிருக்கார்."

"ரயிலு சண்டைக்கு வராது. நான் வருவேன்."

சிரித்தாள். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"உன்னைச் சொன்னா, குடும்ப விஷயத்தைச் சந்திக்கு இழுத்துட்டேன்னு திட்டுவியோன்னு பயந்தேன் பாட்டி."

"இழு! நல்லா இழு! உன் பெரிய பாட்டி மெஷின் திருடின்னு பாட்டுலயே வை. ஊருக்கே தெரியட்டும்."

"பாட்டு பஞ்சாயத்து இல்ல பாட்டி. கேக்கறவங்க அவங்கவங்க அக்காவை நினைச்சுப்பாங்க."

அவரவர் அக்காவை நினைத்துக்கொள்ள என் வயிற்றெரிச்சல்தானா கிடைத்தது?

"அப்ப அந்த வரியை எடுத்துடு. இனிமே எங்கயும் பாடாதே."

முகம் சுண்டிவிட்டது. அந்த வரி இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்றாள். இரண்டு வருஷமாக அதைச் சுற்றித்தான் மற்றதையெல்லாம் கட்டினாளாம். நான் அசையவில்லை. கடைசியில் "சரி பாட்டி, அடுத்த கச்சேரியில பாடல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மார்ச் 10

பாடாமல் போகட்டும். எனக்கென்ன.

மார்ச் 14

போன் அடித்தது. பேசுமுன் ஒரு கனைப்பு. அக்கா! அந்தக் கனைப்பை மண்ணுக்குள் வைத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "உன் பேத்தி பாடியிருக்காளே, அது நான் சொன்ன வார்த்தை."

"எது நீ சொன்னே?"

"மழை நாள்ல, என் முறை வந்தும் கதவைத் திறக்காம நீயே தைச்சுக்கிட்டு இருந்தியே, அன்னிக்கு ஜன்னல்ல நின்னு நான் கேட்டது. 'மெஷினை வெச்சுக்கிட்டவளே, சத்தத்தை மட்டும் ஏன்டி எனக்கு விட்டே'ன்னு. அதையே எடுத்து எனக்குத் திருப்பி வெச்சே. இப்ப உன் பேத்தி மேடை ஏத்திட்டா."

டக்கென்று வைத்துவிட்டேன். பயமில்லை — ஆத்திரம்.

மார்ச் 15

அவள் சொன்னது நடந்ததுதான். அந்த ஜன்னல், நனைந்த முந்தானை, கம்பியைப் பிடித்திருந்த விரல் எல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு எதுதான் மறந்தது! ஆனால் 'வெச்சுக்கிட்டவளே' என்பது ஒரு பேச்சா? சப்பென்று இருந்தது. 'தூக்கிப் போனவளே' என்று போட்டது நான். அதில்தான் அடி விழுகிறது. ஆகவே அது என்னுடையது.

பேத்தியைக் கூப்பிட்டேன். "அந்த வரியைப் பாடு."

"என்ன பாட்டி, திடீர்னு?"

"இப்ப நிறுத்தினா, அவ அதட்டினதுக்குப் பயந்துட்டோம்னு நினைப்பா."

மார்ச் 18

அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். பாட்டு இழுவையாக இருக்கிறதாம். என் பேத்தியைக் குறை சொல்ல இவள் யார்? விட்டேனா? போன் சூடாகிச் சார்ஜ் தீரும்வரை சண்டை போட்டேன்.

மார்ச் 23

கச்சேரி. சின்ன அரங்கம்தான். பேத்தி எங்கள் இரண்டு பேருக்கும் முன்வரிசையில் இடம் போட்டிருந்தாள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டால்தான் வருவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

அக்கா வந்தாள். கைத்தடி. தலை பஞ்சாகிவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்து, "இளைச்சுட்டியே" என்றாள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அந்தப் பாட்டுக்கு முன்னால் பேத்தி மைக்கில் பேசினாள். "இது ஒரு நாவல்ல இருந்து வந்துது, ஒரு படத்துல இருந்து வந்துது, ஒரு வயலின்ல இருந்து வந்துது. இதோ முன்னாடி இருக்கற ரெண்டு பேரோட சண்டையில இருந்தும் வந்துது. யார் முதல்ல சொன்னதுன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

கூட்டம் சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை.

அந்த வரி வந்தபோது அரங்கம் அடங்கிப்போனது. அக்கா 'வெச்சுக்கிட்டவளே' என்று முணுமுணுத்தாள், என் காதில் விழவேண்டும் என்றே. 'தூக்கிப் போனவளே' என்றேன் நான், அதைவிடச் சத்தமாக.

நடு நாற்காலியில் அவள் தன் பையை வைத்திருந்தாள். நான் என் பையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.